பெருங்களத்தூரில் பிறந்த பெரிய கார்

போன மாதம் தம்பி மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். கார் வாங்கப் போகிறானாம். புதுசு இல்லை. பதினொரு வருடம் ஓடிய ஜெர்மன் கார். புதிதில் நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றதை இப்போது ஏழு லட்சத்துக்குத் தருகிறார்கள் என்றான்.

"அதே காசுக்குப் புதுசா சின்ன வண்டிதான் வரும் பெரியப்பா. இதுல தோல் சீட்டு, சன்ரூஃப், எல்லாம் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

உடனே பதில் சொல்லவில்லை. "முன்பக்க ஹெட்லைட் ஒன்று என்ன விலை என்று விசாரித்துவிட்டு வா" என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு அது கிழவன் பேச்சாகப் பட்டிருக்கும். அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. 1990-ல் தாம்பரத்தில் ஒரு மெக்கானிக் என்னிடம் கேட்டது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், நம் ஊரில் பெரிய கார்கள் எப்படிப் பழைய கார்கள் ஆயின என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் சிறு வயதில் கிராமத்தில் காரை 'பிளசர்' என்பார்கள். பிளசர் வந்தால் பின்னாலேயே ஓடுவோம். மிராசுதார் வீட்டிலும் ஜமீனிலும் இருந்தவை பெரும்பாலும் அமெரிக்க, ஆங்கிலேய வண்டிகள். சுதந்திரத்துக்குப் பிறகு முழுக் காராக இறக்குமதி செய்வதைச் சர்க்கார் இறுக்கிவிட்டது. 1953-ல் டாரிஃப் கமிஷன், இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இடம் என்று சொன்னது. வெறுமனே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம் நமக்குத் தெரிந்த கார்கள் மூன்றே: கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், நம் மெட்ராஸின் ஸ்டாண்டர்ட்.

பெரிய கார் வேண்டும் என்றால் பழைய காருக்குத்தான் போக வேண்டும். வெளிநாட்டுத் தூதரகக்காரர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப்போகும் கார்களை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் எடுத்துக்கொண்டு டெண்டர் விட்டு விற்கும். செவர்லே இம்பாலாவும் மெர்சிடஸும் அப்படித்தான் சினிமா நட்சத்திரங்கள் வீட்டுக்கும் மில் முதலாளிகள் வீட்டுக்கும் போயின. இம்பாலா என்றால் எட்டு சிலிண்டர் இன்ஜின், படகு போன்ற உடம்பு. தி.நகரில் ஒன்று நின்றால் சுற்றி நாற்பது பேர் நிற்பார்கள்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் மூன்று டாலர் இருந்த கச்சா எண்ணெய் 1974 ஜனவரியில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. படகுகள் எல்லாம் ஷெட்டில் தட்டி நின்றன. யாரும் வாங்கத் துணியாத அந்தக் கார்களைச் சிலர் வாங்கி, பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜினைப் பூட்டினார்கள். சிம்சன் கம்பெனி செம்பியத்தில் செய்துகொண்டிருந்த பெர்கின்ஸ் இன்ஜின் இதற்குப் பேர் போனது. மேலே இளவரசி, உள்ளே லாரி. சிரிக்காதீர்கள். ஒரு காரில் இன்ஜின்தான் உயிர் என்று நாம் நினைக்கிறோம். அது உண்மையல்ல என்பதை அந்த மெக்கானிக்குகள் அப்போதே தெரிந்து வைத்திருந்தார்கள். நான் தெரிந்துகொள்ள இன்னும் பதினாறு வருடம் ஆனது.

இனி நம் ஊர்க் கதை.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் ஃபாக்டரியைத் தெரியாதவர்கள் இதைப் படிப்பவர்களில் அதிகம் இருக்க மாட்டார்கள். 1948-ல் மெட்ராஸின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தில் கவென்ட்ரியைச் சேர்ந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். முதலில் வான்கார்ட் என்ற குண்டுக் கார். பிறகு ஸ்டாண்டர்ட் எட்டு, பத்து. 1961-ல் ஹெரால்டு. அந்த ஹெரால்டை இங்கிலாந்தில் இரண்டு கதவோடுதான் செய்தார்கள். குடும்பமாக ஏறி இறங்கும் நம் பழக்கத்துக்காக நான்கு கதவு வைத்துச் செய்தது பெருங்களத்தூரில் மட்டும்தான். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கொஞ்சம் பெருமை. 1972-லிருந்து 1977 வரை கெஸல் என்ற பெயரில் அதன் கடைசி வடிவம் வந்தது. அதோடு கார் நின்றது. எட்டு வருடம் வேன்தான்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. நாடே மாறிப்போனது போல இருந்தது. மற்ற கம்பெனிகளும் விழித்துக்கொண்டு, பணக்காரர்களுக்கு என்று ஆளுக்கு ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தன. அம்பாசடர்காரர்கள் 1984-ல் கான்டெஸாவை இறக்கினார்கள். இங்கிலாந்தின் பழைய வாக்ஸால் உடம்பு. ஃபியட்காரர்கள் 118 என்.இ. செய்தார்கள், ஃபியட் 124-இன் உடம்பு, நிஸானின் இன்ஜின். 1985-ல் நம் பெருங்களத்தூரிலிருந்து ஸ்டாண்டர்ட் 2000.

மூன்றில் பார்க்க அழகு எது என்று கேட்டால் சந்தேகமே இல்லை. ஸ்டாண்டர்ட் 2000-இன் உடம்பு ரோவர் எஸ்.டி.1. இங்கிலாந்தில் 1976-ல் வந்து, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசை வாங்கியது. அங்கே போலீஸ்காரர்கள் அதில் திருடனைத் துரத்தினார்கள். முன்பக்கம் அம்பு மாதிரிச் சரிந்து, பின்பக்கக் கண்ணாடியோடு டிக்கி மொத்தமாக மேலே திறக்கும். அம்பாசடர் டிக்கியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஏதோ விமானம் போல.

ஆனால் இங்கிலாந்தில் அந்த உடம்புக்குள் இருந்தது எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் இன்ஜின். இங்கே வைத்தது 1991 சி.சி. நாலு சிலிண்டர்; பழைய வான்கார்ட் வம்சம். இந்த இன்ஜினின் பூர்வீகம் 1940-கள். இதே குடும்பத்து இன்ஜின்தான் இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. நம் சாலைக்காக வண்டியைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கியும் விட்டார்கள். இம்பாலாவுக்குள் டீசலைப் பூட்டியவர்கள் பழைய காரில் செய்ததை, இங்கே புதுக் காரிலேயே செய்தார்கள் என்று சொல்லலாம். பெட்ரோல் நிறையக் குடிக்கிறது என்ற பேர் சீக்கிரமே பரவியது. விலையோ அம்பாசடர், ஃபியட்டைவிட எங்கோ மேலே. 1988-ல் உற்பத்தி நின்றது. ஏறக்குறைய அதே நேரத்தில் ஃபாக்டரியும் மூடியது. அந்த இடத்தைக் கடக்கும்போது ரயிலில் ஜன்னலோரம் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் தெருவிலேயே அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் நாலைந்து இருந்தன.

1990-ல் எனக்கு வயது நாற்பத்தி மூன்று. குரோம்பேட்டையில் சொந்த வீடு கட்டி முடித்திருந்தேன். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வாரம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆட்டோவில் காலை மடக்கி உட்கார முடியாமல் அம்மா வழியெல்லாம் முருகனைக் கூப்பிடுவாள். கார் வாங்குவது என்று முடிவு செய்தோம். பிராவிடண்ட் ஃபண்டில் கடன் போட்டால் எழுபதாயிரம் வரை புரட்டலாம்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஆபீசுக்குத் தெரிந்த ஒரு கம்பெனி, தன் டைரக்டர் உபயோகித்த காரை விற்பதாகத் தகவல் வந்தது. ஸ்டாண்டர்ட் 2000, 1986 மாடல், வெள்ளை நிறம். டிரைவர் வைத்து ஓட்டியது. நாற்பதாயிரம் கிலோமீட்டர் கூட ஆகவில்லை. விலை ரூ.70,000. புது மாருதிக்கே அதைவிட அதிகம் கொடுக்க வேண்டும்.

அம்மாவைக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பார்த்தேன். அதுதான் நான் செய்த தப்பு. பின் சீட்டில் சாய்ந்து காலை நீட்டினாள். முழுசாக நீட்ட முடிந்தது. "இதுல ராமேஸ்வரம் வரைக்கும் போலாம்டா" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு காரைப் பார்க்கும் மனசே இல்லை.

என் மனைவிதான், "யாராவது விவரம் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள். தாம்பரத்தில் ஒரு பெரியவர் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஸ்டாண்டர்டில் இருபது வருடம் வேலை பார்த்தவர். ஹெரால்டைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார் என்பார்கள். காரை அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் பானெட்டைத் திறப்பார் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. காரை ஒரு சுற்று சுற்றிவந்தார். கதவு ஒவ்வொன்றையும் திறந்து, அதன் ரப்பரை விரலால் அமுக்கிப் பார்த்தார். பின் விளக்கைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் முன்கண்ணாடியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார்.

"விலை கேட்டீங்களா சார்?"

"எழுபதாயிரம்."

"வண்டிக்குக் கேக்கல. இந்தக் கண்ணாடிக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் வண்டியில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார். வண்டி நல்ல வண்டி, ஒரு குறையும் இல்லை. இன்ஜினைப் பற்றிக் கவலையே பட வேண்டாம். லைனரைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற ஜாதி, டிராக்டர் வேலை தெரிந்தவன் கூடச் செய்துவிடுவான். பிஸ்டன், வால்வு எதுவானாலும் நல்ல லேத்துக்காரன் ஒருவன் கைவசம் இருந்தால் போதும். இன்ஜினே செத்தாலும் வேறு இன்ஜின் வைக்கலாம். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஏதாவது ஒன்றைப் பொருத்திவிடலாம். "ஆனா கண்ணாடியை லேத்துல கடைய முடியாது சார். விளக்கை வார்க்க முடியாது. கதவு ரப்பரை வேற வண்டியிலிருந்து எடுத்து ஒட்டினா மழைக்கு ஒழுகும். ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு லாரி டயர்லேர்ந்து கல்லு தெறிச்சா, அன்னிக்கே இந்த வண்டி நின்னுடும்."

செய்த கம்பெனி இருக்கும்வரை அது கார். கம்பெனி போய்விட்டால் அது அநாதைப் பிள்ளை, ஊரே சேர்ந்து வளர்க்க வேண்டும் என்றும் சொன்னார். இருபது வருடம் அந்த கேட்டுக்குள் போய் வந்தவர் வாயிலிருந்து அது வந்தபோது நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனேன். தெரு முழுக்க அம்பாசடர் கதவு, ஃபியட் பானெட், ஹெரால்டின் முன்மூக்கு என்று அடுக்கிவைத்திருந்தார்கள். எது கேட்டாலும் கிடைக்கும் என்று பேர் வாங்கிய இடம். ஸ்டாண்டர்ட் 2000-க்கு முன்கண்ணாடி என்று ஆறு கடைகளில் கேட்டேன். ஒரு கடையில் ஒரே ஒரு பின் விளக்கு இருந்தது, அதுவும் வலது பக்கம். ஒரு கடைக்காரர் மட்டும் பொறுமையாகப் பதில் சொன்னார்: "சார், இங்க ஸ்பேர் வர்றதுன்னா வண்டி சாகணும். ரோட்டுல ஓடுறதே கொஞ்சம். எது சாகும், எப்ப சாகும்?"

யோசித்துப் பார்த்தால் பழைய கார் வியாபாரத்தின் கணக்கே அதுதான். அம்பாசடர் லட்சக்கணக்கில் பிறந்தது. அதனால் ஆயிரக்கணக்கில் செத்தது. செத்தது மற்றதை வாழவைத்தது. கொஞ்சமாகப் பிறந்த கார் எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் அதற்கு உறவு இல்லை. 1985-ஐ ஒட்டி வந்த அந்த மூன்று பெரிய கார்களில் கான்டெஸா மட்டும் நீண்ட நாள் வாழ்ந்தது. அதற்குள் ஜப்பானின் இசூஸு இன்ஜினை வைத்தார்கள்; செய்தவர்களும் கடையைச் சாத்தவில்லை; 2002 வரை அது வந்துகொண்டிருந்தது. பழைய கான்டெஸா வாங்கியவனுக்கு ஒரு தைரியம் இருந்தது. பழைய ஸ்டாண்டர்ட் 2000 வாங்குகிறவனுக்கு அந்தத் தைரியத்தை அவனே சம்பாதிக்க வேண்டும்.

நான் வாங்கவில்லை. 1981 மாடல் ஃபியட் ஒன்று ரூ.48,000-க்கு வந்தது, அதை வாங்கினேன். ஸ்பேர் எந்த ஊர்ச் சந்திலும் கிடைத்தது. பதிமூன்று வருடம் வைத்திருந்தேன். ஒரு நாள் கூட நடுரோட்டில் நிறுத்தவில்லை. அம்மா அதில் காலைப் பக்கவாட்டில் வைத்து ஒருக்களித்துத்தான் உட்காருவாள். குறை சொன்னதில்லை. 1994-ல் போய்விட்டாள். ராமேஸ்வரம் போகவில்லை.

அந்த வெள்ளைக் காரை எங்கள் ஆபீசில் என் பக்கத்து செக்‌ஷனில் இருந்த நண்பர் வாங்கினார். மெக்கானிக் சொன்னதையெல்லாம் அவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். "கல்லு தெறிக்கிறப்ப பாத்துக்கலாம்" என்றார். தெறித்தது, மூன்றாவது வருடம், மதுராந்தகம் தாண்டி. அதே தாம்பரத்துப் பெரியவர்தான் பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி வளைத்து ஒரு கண்ணாடி மாட்டிக் கொடுத்தார். வைப்பர் ஓடி ஓடி அதில் கோடு விழுந்து, ராத்திரியில் எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் ஒன்றும் தெரியாது. அதனால் அவர் இருட்டின பிறகு வண்டியை எடுப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டார். பிறகு பெட்ரோல் செலவு தாங்காமல் டீசல் இன்ஜின் மாற்றினார். குதிரை மாதிரி இருந்த கார் எருமை மாதிரி உறுமிக்கொண்டு வரும். ஆனால் 2001 வரை ஓட்டினார். சபரிமலைக்கு நாலு தடவை, திருப்பதிக்குக் கணக்கே இல்லை. அவர் செலவழித்ததைக் கூட்டினால் புதுக் காரே வாங்கியிருக்கலாம். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஊருக்கு வந்தால் அந்தக் காரைப் பற்றி ஒரு மணி நேரமாவது பேச்சு ஓடும். எங்கள் ஃபியட்டைப் பற்றி என் பெண் ஒரு நாள் பேசிக் கேட்டதில்லை.

பெருங்களத்தூர் ஃபாக்டரியின் வழக்கு வில்லங்கமெல்லாம் ஓய 2006 ஆகிவிட்டது. அந்த வருடம் இடம் ஏலம் போனது. உள்ளே மிஞ்சிக் கிடந்த கார்களையும் உதிரி பாகங்களையும் டெண்டர் விட்டுக் கொடுத்தார்கள். இன்று அந்தப் பக்கம் போனால் கண்ணாடிக் கட்டிடங்களும் அடுக்குமாடி வீடுகளும்தான். அதில் விசேஷம் என்னவென்றால், அங்கே பயன்படுத்தாமல் இருந்த எஸ்.டி.1 உதிரி பாகங்கள் அத்தனையையும் மொத்தமாக வாங்கியது பிரிட்டனில் பழைய கார்களுக்கு ஸ்பேர் விற்கும் ஒரு கம்பெனி. அங்கே அந்தக் காரை ஆசையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக. நான் புதுப்பேட்டையில் கடை கடையாக அலைந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அவை எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், பூட்டின கேட்டுக்குள் இருந்திருக்கின்றன. தாம்பரத்துப் பெரியவர் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

தம்பி மகன் கதைக்கு வருகிறேன். அவன் பார்த்திருக்கும் காரைச் செய்தவர்கள் இன்றும் நன்றாக இருக்கிறார்கள். அதனால் அது அநாதை இல்லை. ஸ்பேர் கிடைக்கும். ஆனால் ஏழு லட்சத்துக்கு இறங்கியது கார்தானே தவிர, ஸ்பேர் இன்னும் நாற்பது லட்சக் காரின் ஸ்பேர்தான். இதைத் தவிர ஆர்.சி. புக் பதினைந்து வருடத்துக்குத்தான். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ரூ.600 ஆக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் ரூ.5,000 ஆக்கினார்கள். பதினொரு வருட வண்டியை இன்று வாங்கினால் நாலு வருடத்தில் அந்த வாசலில் நிற்க வேண்டும். விற்கலாம் என்றாலும் அப்போது கேட்பதற்கு ஆள் குறைவு.

நாலு நாள் கழித்து அவன் மறுபடி கூப்பிட்டான்.

"ஹெட்லைட் விசாரிச்சேன் பெரியப்பா. ஒண்ணு மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரம் சொல்றாங்க."

"சரி."

"கியர்பாக்ஸ் பத்திக் கேட்டேன். அதைச் சொல்ல வேண்டாம்."

"சரி."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுப் பாத்தேன்" என்றான். "ரொம்பப் பிடிச்சிருக்கு அவங்களுக்கு."

அடப்பாவி என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் வந்து ஒரு தடவை வண்டியைப் பார்க்க வேண்டுமாம். காலை சதாப்தியில் டிக்கெட் போட்டிருக்கிறேன்.